குமட்டலுக்கு மணிக்கட்டுப் பட்டை: நான்கு சுற்று கீமோவில் போட்டுப் பார்த்த அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டு எதற்கு, மீதி மூன்று எங்கே போனது என்று சொல்லப் போனால், பட்டையைத் தாண்டி மாத்திரை, நோட்டு, மனசு என்று நிறையப் பேச வேண்டியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கப்போகிற யாராவது ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடி இங்கே வந்திருந்தால், அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயது 47. கணக்கு எழுதும் வேலை. இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்து, அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்த பிறகு கீமோ. முதலில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து 21 நாளுக்கு ஒருமுறை நான்கு சுற்று. அதன் பிறகு பேக்லிடாக்சல் வாரம் ஒன்றாக 12. நான் இங்கே குமட்டல் என்று சொல்வதெல்லாம் அந்த முதல் நான்கு சுற்றைப் பற்றித்தான். டாக்சோரூபிசினை எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்பார்கள். பார்க்கவே சிவப்பாக இருக்கும். போட்டுக்கொண்ட பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து வரும், அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் அது கடுமையாகக் குமட்டும் வகை என்பது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். பேக்லிடாக்சல் அந்த வரிசையில் எவ்வளவோ கீழே.

பட்டையை வாங்கி வந்தது என் தங்கை. "வண்டியில போறப்ப வாந்தி வராம இருக்க இதைத்தான் போட்டுக்கிறாங்க அக்கா, உனக்கும் கேக்கும்" என்று கையில் வைத்தாள். இழுத்தால் நீளும் பின்னல் துணி, உள்பக்கம் சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ். ஒரு பெட்டியில் இரண்டு. உள்ளங்கை முடியும் இடத்தில் இருக்கும் ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, முன்கையின் உள்பக்கத்தில், இரண்டு தசைநார்களுக்கு நடுவில் அந்தக் குமிழ் அழுத்த வேண்டும். சீன மருத்துவத்தில் அந்தப் புள்ளிக்கு நெய்குவான் என்று பெயர். பி6 என்றும் சொல்கிறார்கள். மூன்று விரல் என்பது போட்டுக்கொள்பவரின் விரல். தங்கை தன் விரலை வைத்து அளந்ததில் முதல் நாள் முழுக்க எனக்குத் தப்பான இடத்தில்தான் அழுத்திக்கொண்டிருந்தது.

பெட்டியில் எழுதாத ஒரு விஷயம். நெறி எடுத்த பக்கத்துக் கையில் இதைப் போடுமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நெறி எடுத்த கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வர வாய்ப்பு உண்டு. அதனால் அந்தக் கையில் இறுக்கமாக எதையும் கட்ட வேண்டாம் என்று என்னிடம் அறுவை முடிந்த அன்றே சொல்லியிருந்தார்கள். 'இரண்டு கையிலும் அணியவும்' என்று பெட்டி சொல்கிறது. எனக்கு இடது கை கூடாது. வலது கையில்தான் டிரிப்ஸ் ஏறும். ஊசி குத்திய கைக்குப் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். ஆக, மருந்து ஏறும் அந்தச் சில மணி நேரம் எனக்கு எந்தக் கையிலும் பட்டை கிடையாது. ஒரு மதிப்பெண் அங்கேயே போயிற்று. மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு என்று சொல்லியே விற்கிறவர்கள் பெட்டியில் இந்த ஒரு வரியைப் போட்டிருக்க வேண்டும்.

முதல் சுற்று. டிரிப்ஸுக்கு முன்னாலேயே குமட்டல் தடுக்கும் மருந்துகள் ஊசியாகவும் மாத்திரையாகவும் போட்டார்கள். வீட்டுக்கு அப்ரெபிடன்ட் இரண்டு நாளுக்கு, டெக்சாமெத்தசோன் மூன்று நாளுக்கு, 'தேவைப்பட்டால்' என்று எழுதி ஒண்டான்செட்ரான். அன்று ராத்திரி ஒன்றுமில்லை. மறுநாளும் பரவாயில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"வாந்தி எத்தனை தடவைம்மா?"

"வாந்தி இல்லைங்க சிஸ்டர்."

"ரொம்ப நல்லதும்மா. தண்ணி நிறையக் குடிங்க."

அவ்வளவுதான். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். நான் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து ஐந்தாம் நாள் வரை என்னால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நெஞ்சுக்குழியில் என்னமோ ஏறி வந்து நின்றுகொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் புரட்டிக்கொண்டே இருந்தது. துவைத்த தலையணை உறையின் சோப்பு வாசனை, கணவரின் தலை எண்ணெய், ஃபிரிட்ஜ் திறந்தால் வரும் குளிர்ந்த காற்று, எல்லாமே பகை. வாந்தி எடுத்துவிட்டால் தேவலை என்று விரலை விட்டுக்கூடப் பார்த்தேன் (செய்யாதீர்கள், தொண்டைதான் புண்ணாகும்). யாரும் கேட்காததால் இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய பங்கு என்றே நினைத்துக்கொண்டேன். 'தேவைப்பட்டால்' என்று எழுதிய மாத்திரையையும், வாந்தி வரவில்லையே, தேவைப்படவில்லை போலும் என்று தொடாமலே வைத்திருந்தேன்.

பட்டை மட்டும் கையில் இருந்தது. அழுத்தினேன், அழுத்தினேன், தோலில் குமிழின் தடம் சிவப்பாகப் பதியும் வரை அழுத்தினேன்.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு வாரம் முன்பு தொழில் புத்தி வேலை செய்தது. மகனின் பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, முதல் சுற்றில் நாள்வாரியாக என்ன நடந்தது என்று நினைவிலிருந்து எழுதினேன். காலை, மதியம், இரவு: குமட்டல் பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டேன், மலம் போனதா, தூக்கம் எத்தனை மணி நேரம். கடைசிக் கட்டத்துக்கு 'மனசு' என்று தலைப்புப் போட்டேன். மூன்றாம் நாள் இரவுக் கட்டத்தில் குமட்டல் ஒன்பது, வாந்தி பூஜ்யம்.

மருத்துவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை ஏன்மா அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லலை?"

"வாந்தி வரலையே டாக்டர்."

வாந்தியும் குமட்டலும் ஒன்றல்ல என்று அப்போதுதான் பொறுமையாக எனக்குச் சொன்னார். மருந்து உள்ளே போன முதல் 24 மணி நேரத்தில் குடல் சுவரில் இருக்கும் செல்கள் செரோடோனினை வெளியே விடுகின்றன. அது நரம்பு வழியாக மூளையில் உள்ள வாந்தி மையத்தை உசுப்புகிறது. ஒண்டான்செட்ரான், பாலோனோசெட்ரான் போன்றவை அந்த வழியை அடைக்கின்றன. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவது பெரும்பாலும் வேறு வழியாக, சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளால், அதற்குத்தான் அப்ரெபிடன்ட். இன்றைய மருந்துகளில் வாந்தி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, குமட்டல் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. 'வாந்தி வந்ததா' என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

அவர் சேர்த்துக் கொடுத்தது ஓலான்சபின். ராத்திரி படுக்கும்போது 5 மில்லிகிராம், கீமோ அன்றிலிருந்து நான்கு இரவு. கூடவே ஒரு எச்சரிக்கை: வீட்டில் வேறு எதற்காவது வாங்கிய மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மாத்திரை இருந்தால் இதனுடன் சேர்த்து எடுக்கக்கூடாது.

அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளை மகன் சத்தமாகப் படித்தான். மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து, என்னிடம் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றி, ஒரு மணி நேரம் அழுதேன். இதைப் படிக்கும் யாரும் அப்படி அழக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: மூளையில் குமட்டலை உண்டாக்கும் பல வாசல்களை ஒரே நேரத்தில் மூடுவதால்தான் இந்த மருந்தைக் கீமோவுக்குக் கொடுக்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வில் 380 பேரைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான மூன்று மருந்தோடு இதையும் எடுத்தவர்களில் முதல் 24 மணி நேரம் குமட்டலே இல்லாதவர்கள் 74 சதவீதம், எடுக்காதவர்களில் 45. இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை பார்த்தால் 42, 25. எல்லோருக்கும் கேட்கிற மந்திரம் கிடையாது. எனக்குக் கேட்டது. இரண்டாம் சுற்றில் மூன்றாம் நாள் இரவுக் கட்டத்தில் ஒன்பது இருந்த இடத்தில் மூன்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை உண்டு. மறுநாள் காலை பத்து மணி வரை கண் இமை தூக்க முடியாத அளவுக்கு மப்பு. குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். மூன்றாம் சுற்றுக்கு அளவைப் பாதியாக்கி 2.5 ஆகக் குறைத்தார். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2024இல் வந்திருக்கிறது. 10 மில்லிகிராமோடு 2.5 மில்லிகிராமை ஒப்பிட்டதில் குறைந்த அளவு வாந்தியைத் தடுப்பதில் சளைக்கவில்லை, பகல் தூக்கமோ குறைவு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில். தூக்கம் தாங்கவில்லை என்று அவரிடம் சொல்வது நம் கையில்.

இனி பட்டைக்கு வருகிறேன். நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். இரண்டாம் சுற்றில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். மூன்றாம் சுற்றில் முழுக்கப் போட்டேன். நான்காம் சுற்றில் போடவேயில்லை. கட்டங்களை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் ஒருத்தியின் கணக்கை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். பிரிட்டனில் 500 கீமோ நோயாளிகளை வைத்துப் பட்டையைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. உண்மைப் பட்டை போட்டவர்கள், குமிழ் வேலை செய்யாத போலிப் பட்டை போட்டவர்கள், பட்டையே இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், குமட்டலில் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

அப்புறம் ஏன் இரண்டு மதிப்பெண்? புரட்டிக்கொண்டு வரும்போது செய்வதற்குக் கைக்கு ஒரு வேலை இருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு மூச்சை எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் கொஞ்சம் தணியும், அல்லது தணிந்த மாதிரி இருக்கும். சும்மா கிடந்து அனுபவிப்பதைவிட அது மேல். தங்கை தேடிப்பிடித்து வாங்கி வந்தது என்பதும் அதில் சேர்த்தி. மாத்திரைக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஞ்சி மிட்டாய் வாய்க் கசப்புக்கு உதவியது, குமட்டலுக்கு எனக்குப் பெரிதாக இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சி மாத்திரைகளைத் தொடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். வாயில் இரும்புச் சுவை வந்தால் உலோகக் கரண்டியை விட்டு பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறுங்கள், உடனே தெரியும். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டுக்கு வாசனை குறைவு. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வாய். உங்களுக்கு உயிரான பலகாரம் எதையும் கீமோ அன்று சாப்பிடாதீர்கள். குமட்டலோடு அது மனசில் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்த ஒன்று அப்படித்தான் போயிற்று, இன்னும் திரும்பவில்லை. ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். அந்தக் கட்டே குமட்டலைக் கூட்டும். மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் ஒரு நாள் போனாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலோ நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக்கூடாது, ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

'மனசு' என்ற கட்டத்துக்கு வருகிறேன். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதல் சுற்றின் நான்காம் நாள் காலை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் ஆறாம் நாள் வரை திரும்பவில்லை. முடி கொட்டுமே, வேலை போகுமே என்ற கவலை இல்லை அது. எதுவுமே இல்லை. மகன் வந்து "அம்மா, ஸ்கூல்ல இன்னைக்கு..." என்று ஆரம்பித்தால் அவன் வாய் அசைவது மட்டும் தெரியும். இந்தச் சிகிச்சையே வேண்டாம், இப்படியே தூங்கிப்போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். யாராவது "எப்படி இருக்கே" என்றால் "இருக்கேன்" என்றேன். வாந்தி இல்லை என்று சொன்னேனே, அதே மாதிரி.

இரண்டாம் சுற்றில் குமட்டல் மூன்றுக்கு இறங்கிய பிறகும் நான்காம் நாள், ஐந்தாம் நாள் மனசுக் கட்டத்தில் அதே இருட்டு. மூன்றாம் சுற்றிலும் அதே இரண்டு நாள். கணக்குப் புத்தகத்தில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை குறைந்தால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு. எடுக்கிற நாட்களில் தூக்கத்தைக் கெடுத்து ஆளை முறுக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் சிலருக்கு மனசும் உடம்பும் சேர்ந்து பொத்தென்று விழும். எனக்கு மூன்றாம் நாளோடு அது முடிகிறது, நான்காம் நாள் விழுகிறேன். நோட்டை நீட்டியதும் மருத்துவரே அதைச் சுட்டிக்காட்டினார். அந்த மாத்திரையைக் காலையிலேயே எடுத்துவிடச் சொன்னார், ராத்திரித் தூக்கமாவது மிஞ்சும் என்று. 'இது நான் இல்லை, நான்காம் நாள்' என்று நோட்டின் அட்டையில் எழுதி வைத்தேன். அந்த இரண்டு நாளில் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை என்று கணவரிடம் வாக்குக் கொடுத்தேன். தங்கை அந்த இரண்டு நாளும் என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள்.

ஆனால் எல்லாம் ஸ்டீராய்டோடு முடிந்துவிடவில்லை. பதினைந்தாம் நாளிலும் மனசுக்கு இரண்டு, மூன்று என்றே எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் கவுன்சிலர் ஒருவர் வாரம் ஒருமுறை போனில் பேசுவார் என்று சொன்னார்கள். இந்தச் சேவைக்குத் தயங்காமல் ஐந்துக்கு ஐந்து. முதல் நாள் ஒன்பது கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வம், தூக்கம், பசி, சோர்வு எப்படி என்று. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. கணவரிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாத அந்தக் குரலிடம் சொன்னேன். அவர் பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "சொன்னதுக்கு நன்றிம்மா, இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட பேசிடலாம்" என்றார். அன்றே பேசினோம். மாத்திரை எழுதுமுன் மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையைப் பின்னால் எடுப்பேனா என்பது. மனச்சோர்வு மாத்திரைகளில் பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்ற சில, டாமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும்; அதனால் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். பழைய மாத்திரை எதையாவது வீட்டில் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றுக்கும் அந்தக் குரல்தான் உதவியது. மூன்றாம் சுற்றுக்குப் போன அன்று, மருந்து ஏறுவதற்கு முன்பே, கை துடைக்கும் ஸ்பிரிட் வாசனையில் எனக்குப் புரட்டிவிட்டது. உள்ளே ஒரு சொட்டு மருந்தும் போகவில்லை. மூளை போன இரண்டு தடவையை வைத்துக் கற்றுக்கொண்ட குமட்டல் அது. அதற்குச் செரோடோனின் வழியை அடைக்கும் மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. நான்காம் சுற்றுக்கு முந்தைய வாரம் தினமும் பதினைந்து நிமிடம், கால் விரலிலிருந்து ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். அன்று லிஃப்டில் ஏறும்போது குமட்டல் எட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு.

நான்காம் சுற்றின் இரண்டாம் நாள் அதே சிகிச்சைப் பிரிவிலிருந்து போன்.

"வாந்தி எத்தனை தடவைம்மா?"

"வாந்தி இல்லை சிஸ்டர். குமட்டல் பத்துக்கு மூணு. மனசு இன்னைக்கு ஆறு, நாளை மறுநாள் ரெண்டுக்கு இறங்கும், தங்கச்சி வந்து இருப்பா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது. "நாளை மறுநாள் நானே போன் பண்றேன்மா" என்றார். பண்ணினார்.

இப்போது வாராந்திர பேக்லிடாக்சலில் எட்டாவது முடிந்திருக்கிறது. குமட்டல் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம். அதற்குப் பதிலாக 'விரல் மரப்பு' என்று புதிய கட்டம் போட்டிருக்கிறேன். பட்டை வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: கை கழுவும்போது கழற்றுங்கள், துணி ஈரம் பிடித்தால் தோல் அரிக்கும், விரல் நுனி நிறம் மாறினால் இறுக்கம் அதிகம். என்னுடையதைத் துவைத்துத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டேன். வண்டிப் பயணத்தில் அவளுக்குக் கேட்கிறதாம்.